உப்பில் இருக்கும் அயோடின்

கொரட்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

தினகரனுக்கு, உன் அண்ணி எழுதுவது.

உன் மனைவி சுதா பெங்களூரிலிருந்து போன் செய்து அழுதாள். தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பின் உன்னைக் கதிர் அயோடின் விழுங்கச் சொல்கிறார்களாம். நீ பயந்து மறுக்கிறாயாம். "உப்புல இருக்கிற அயோடின்தானே அக்கா, அதுக்கு ஏன் தனி ரூம்ல பூட்டுறாங்க?" என்றாள். ஆயுள் முழுக்க வேதியியல் நடத்தியவள், விளக்காமல் விடுவேனா?

புரோட்டான் ஐம்பத்து மூன்று இருந்தால் அது அயோடின். நியூட்ரான் மட்டும் கூடலாம், குறையலாம். உப்பில் உள்ளதற்கு எழுபத்து நான்கு, அது சாது. உனக்குத் தரப்போவதற்கு எழுபத்தெட்டு. அது சிதைந்து கதிர் வீசும். தைராய்டு செல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அயோடின் என்று நம்பி வாங்கிக்கொண்டு சாகும். ஐசோடோப்பு என்பது இவ்வளவுதான்.

உன் அண்ணனும் இப்படித்தான் நம்பினார். மண்ணூர்பேட்டையில் உன் பட்டறையில், வெல்டிங்கைக் கதிர்ப்படம் எடுக்கும் கருவியிலிருந்து கழன்று விழுந்த துண்டைக் கையால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கை கொப்பளித்ததும் உன்னிடம் வந்தார். "இரிடியம்தாண்ணா. அண்ணி பேனா நிப்புலகூட கீது. அவங்களாண்ட போய் சொல்லிகினு இருக்காத" என்றாயாம். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் என்னிடம் சொன்னது அதுதான். இயற்கையில் கிடைக்கும் இரிடியம் 191, 193. உன் கருவியில் இருந்தது 192, கதிர் வீசுவது. எனக்குத் தெரிந்துவிடும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் உடலை எடுத்த பிறகு தெருவில் என்ன சொன்னாய்? "தண்ணியப் போட்டுகினு ஆசிட்ல கைய வுட்டுட்டாரு." ஒரு சொட்டு தொடாத மனிதர். இன்றும் இந்தத் தெருவுக்கு நான் குடிகாரன் பெண்டாட்டி.

இவ்வளவையும் சுதாவிடம் சொல்லிவிட்டேன். திவ்யாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் மகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும், எப்போதுமே அப்படித்தான்.

பயப்படாமல் மருந்தை எடுத்துக்கொள். நல்ல சிகிச்சை. நர்ஸ் தள்ளி நின்று பேசுவாள். உன் மேல் வீசும் கதிரை மீட்டர் வைத்து அளந்த பிறகே வெளியே விடுவார்கள். பட்டறை மீட்டரை நீ அலமாரியில் பூட்டி வைத்திருந்தாய்.

அண்ணன் திதிக்கு உன்னை அழைத்து வருவதாகத் திவ்யா சொல்லியிருக்கிறாள். தெருவே சாப்பிட வரும். அவர்கள் முன்னால் நின்று நடந்ததைச் சொல்.

கழுத்தில் கத்தி பட்டால் சிலருக்குக் குரல் போய்விடுமாம். உனக்குப் போயிருக்கக்கூடாது என்று தினமும் விளக்கேற்றுகிறேன். பிழைத்து வா. நல்ல குரலோடு வா.

ஞானசேகரன் மனைவி,
ராஜகுமாரி