ஐந்து பேரும் கை தூக்கினால்

பிப்ரவரி 3, திங்கள்

கம்பெனிக்காரர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கையில் தண்ணீர் பாட்டிலோடு போனேன். அவர்கள் டீயை நான் தொடுவதாக இல்லை. மற்ற எல்லோரும் குடித்தார்கள். பிஸ்கட் தட்டு சுற்றிச் சுற்றி வந்தது. மலையைத் தோண்டிச் செம்பு எடுக்கப் போகிறவர்கள் நமக்கு எதற்கு பிஸ்கட் கொடுக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேச வந்தவன் சின்ன வயசுக்காரன். எதைக் கேட்டாலும் 'நல்ல கேள்வி' என்கிறான். கூட்டம் முடிவதற்குள் அவனுக்குச் சர்க்கரை என்று பெயர் வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விஷயம் இதுதான்: ஊரோடு ஓர் ஒப்பந்தம் போட வேண்டுமாம். கம்பெனி ஊருக்கு என்ன செய்யும், எதைச் செய்யாது என்று எழுதி, ஊர் சார்பில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். நம் கையெழுத்து அவர்களுக்கு எதற்கு? சட்டம் கேட்கிறதாம். அதுதானே பார்த்தேன்.

பிப்ரவரி 6

ஐந்து பேரையும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ஹெட்மாஸ்டர், நர்ஸம்மா, சலூன்காரர், கீழத்தெரு சார்பில் என் அண்ணன். ஐந்தாவது ஆள் நான். 'தையல்கடை அக்காவைப் போடுங்க, அவங்களை ஏமாத்த முடியாது' என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பாராட்டா, குத்தலா, தெரியவில்லை.

சலூன்காரருக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. "ஒரே வீட்டு ஆளுங்க ரெண்டு பேர். நாளைக்கு ஒண்ணா சேர்ந்துக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். கல்யாணமாகி நான் தனி, அண்ணன் தனி. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எழுந்து நின்று சொன்னேன்: "அப்ப எதுக்குமே அஞ்சு பேரும் கை தூக்கணும். ஒரு கை குறைஞ்சாலும் அது செல்லாது. எங்களை விலைக்கு வாங்கணும்னா அஞ்சு பேரையும் சேர்த்து வாங்கட்டும்."

கை தட்டினார்கள். சலூன்காரரும் தட்டினார், கொஞ்சம் மெதுவாக. வீட்டுக்கு வந்து இதை என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் தையல்கடையில் உட்கார்ந்து நூல் பிசிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நீ தெருவிளக்கையே சந்தேகப்படுறவ" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இப்போதெல்லாம் சிரிப்பு அவர் முகத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 17

முதல் பேச்சுவார்த்தை. ஹெட்மாஸ்டர் அறை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சர்க்கரையும் ஒரு வக்கீலும். வக்கீல் வாயே திறக்கவில்லை. பேசாத வக்கீலை இன்றுதான் பார்க்கிறேன்.

நாங்கள் கேட்டது: வெடி வைப்பதெல்லாம் மலைமேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம். தொட்டியைத் தாண்டி ஊர்ப் பக்கம் ஒரு குழிகூடப் போடக் கூடாது. தொட்டிக்கு இந்தப் பக்கம் இறங்கினால் கீழத்தெரு, அதில் முதல் வீடு அண்ணன் வீடு. கம்பெனி மீறினால் நாங்கள் புகார் கொடுக்கும் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் மறுபடி வெடி. இதற்குச் சர்க்கரை மூக்கால் அழுதான். அண்ணன் அசையவில்லை. "என் பிள்ளைங்க மலைப் பக்கத்துச் சுவரோரம்தான் தூங்குது தம்பி" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஒத்துக்கொண்டான்.

பிறகு ஹெட்மாஸ்டர் எங்கள் விதியைச் சொன்னார். கையெழுத்தோ புகாரோ, ஐந்து பேரும் சேர்ந்தால்தான். சர்க்கரை வக்கீலைப் பார்த்தான். வக்கீல் இப்போதுதான் வாயைத் திறந்தார். "நல்ல விதி. ஒப்பந்தத்துலயே எழுதிடலாம்" என்றார்.

எழுதியும் விட்டார்கள். பேரம் இல்லை, முனகல் இல்லை. குடிநீர்க் குழாய் போட்டுத் தரக் கேட்டதற்கு அவ்வளவு இழுத்தவர்கள் இதற்கு மட்டும் ஏன் இப்படி? இவ்வளவு லேசா ஒத்துக்கிட்டான்னா என்ன அர்த்தம்? நம்மில் யாரையோ ஏற்கெனவே பிடித்துப் போட்டுவிட்டானா?

பிப்ரவரி 18

யார்?

பிப்ரவரி 25

சலூன்காரர்தான் என்று தோன்றுகிறது. கம்பெனி ஆட்கள் அவர் கடையில்தான் முடி வெட்டுகிறார்கள். வாரா வாரம் முகாமுக்கே வந்து வெட்டச் சொல்லியிருக்கிறார்களாம். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். மறைக்க வேண்டியதை யாராவது இப்படிச் சொல்லுவார்களா? சொன்னால் சந்தேகம் வராது என்றுதான் சொல்கிறாரோ?

நர்ஸம்மாவையும் விட்டுவிட முடியாது. மருத்துவமனைக்கு எக்ஸ்ரே எந்திரம் தருகிறோம் என்றதிலிருந்து அவர் குரல் இளகிவிட்டது. ஹெட்மாஸ்டரை வாங்கக் காசே வேண்டாம், நாலு முறை 'சார்' போட்டால் போதும். சர்க்கரை நாற்பது முறை போடுகிறான்.

அண்ணனை நான் சந்தேகப்படவில்லை. பொய் எழுதுவானேன் — ஒரு நிமிஷம் பட்டேன். புதுச் செருப்புப் போட்டிருந்தார். அண்ணி வாங்கிக் கொடுத்ததாம். அண்ணியிடமே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மனசு ஆறியது. "என்ன புள்ள நீ" என்று அண்ணி என் தலையில் தட்டினாள்.

மார்ச் 4

இன்று நான் ஜெயித்தேன். வேலை விஷயம். 'உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை அளிக்க முயல்வோம்' என்று எழுதியிருந்தார்கள். முயல்வோமாம்! காதில் பூ சுற்றுகிறார்கள். அந்தச் சொல்லை அடித்தால்தான் அடுத்த வரிக்குப் போவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஹெட்மாஸ்டருக்கே சலித்துவிட்டது. 'டிரைவர் வேலைகள் முதலில் உள்ளூருக்கு' என்று மாற்றி எழுத வைத்த பிறகுதான் எழுந்தேன். சர்க்கரை என்னைப் பார்த்து, "அக்கா, உங்களை மாதிரி ஒருத்தர் எங்க பக்கம் இல்லையேன்னு இருக்கு" என்றான். இதற்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 11

கையெழுத்தாகிவிட்டது. எல்லோரும் டீ குடித்தார்கள். நான் என் பாட்டிலைத் திறந்தேன்.

ஏப்ரல் 22

முதல் வெடி. மதியம், சங்கு ஊதிவிட்டு. ஜன்னல் கொஞ்சம் அதிர்ந்தது, அவ்வளவுதான். அண்ணன் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடியையும் எங்கே வைக்கிறார்கள் என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். "உன்னைத்தான் காவலுக்குப் போடணும்" என்றார் அண்ணன்.

மே 9

டிரைவர்கள் எடுக்கிறார்கள். என் வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். எனக்குச் சொல்லாமல் போட்டிருக்கிறார். கேட்டேன். "உள்ளூர் ஆளுக்குத்தானே முதல்ல? நீதானே எழுத வெச்ச" என்றார்.

மே 19

கிடைத்துவிட்டது. டிப்பர் லாரி.

யாரும் சிபாரிசு செய்யவில்லை, நான் விசாரித்துவிட்டேன். நர்ஸம்மாவின் தம்பிக்கும் கிடைத்திருக்கிறது, வண்டி ஓட்டத் தெரிந்த இன்னும் சிலருக்கும். முறையாகத்தான் நடந்திருக்கிறது. எங்கே ஓட்டை என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஓட்டையே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 2

காலையில் குளியலறையிலிருந்து விசில் சத்தம். தைத்துக்கொண்டிருந்த நான் எந்திரத்தை நிறுத்திவிட்டேன். சாலை வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து இந்த மனுஷன் விசில் அடித்து நான் கேட்டதில்லை. எனக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பார். சட்டை வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். பிறகு சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சாகணும்னு தோணுதுன்னு ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு இங்கே அதை எழுதவில்லை. எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்போது நேராக உட்கார்ந்து சாப்பிடுகிறார். எந்த வளைவில் எப்படித் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்துச் சொல்லிக்காட்டுகிறார். சந்தோஷமாக இருக்கிறேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8

வெடிச் சத்தம் மாறியிருக்கிறது. இன்றைக்கு அலமாரியிலிருந்து கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

அவரிடம் கேட்டேன். தொட்டிக்கு எந்தப் பக்கம் வெடிக்கிறார்கள் என்று. "நான் கீழே லோடு ஏத்துறவன். எனக்கென்ன தெரியும்?" என்றார். அவருக்குத் தெரியும். எனக்கு அவர் முகம் தெரியாதா?

ஜூலை 13, ஞாயிறு

நானே போய்ப் பார்த்தேன். தொட்டியைத் தாண்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் புதிதாகக் குழிகள். கயிறு கட்டி, கொடி நட்டு வைத்திருக்கிறார்கள். ஒளிக்கவே இல்லை. காவல்காரன் என்னைப் பார்த்துச் சலாம் போட்டான். டிப்பர் டிரைவர் சம்சாரம் என்று தெரிந்திருக்கிறது.

இங்கேதான் செம்பு நிறைய இருக்கிறதாம். ஆரம்பத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லையா! சொன்னேனே!

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 24

அண்ணன் வீட்டுச் சுவர் கீறல் விட்டுவிட்டது. கூரைக்கடியில் தொடங்கி ஜன்னல்வரை, என் விரல் போகிற அகலம். பூச்சு பெயர்ந்து பிள்ளைகளின் படுக்கையில் விழுந்திருக்கிறது. பகல் நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அண்ணி துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்காமல் நின்றாள். பக்கத்து வீடுகளிலும் இதே கதை.

அண்ணன் கோபப்படவே இல்லை. நேராகத் தொட்டிக்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தாராம். "புகார் எழுதிடலாம். அஞ்சு பேரும் போட்டா அன்னைக்கே நிக்கும். நல்ல வேளை, அன்னைக்கு நாம விடாம உக்காந்தோம்" என்றார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். நர்ஸம்மா வெளியூர் போயிருக்கிறார்.

ஜூலை 26

ஹெட்மாஸ்டர் கால்சட்டை தைக்க வந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: வேலையை நிறுத்தினால் அதிகாரி வரவே மாசக்கணக்கில் ஆகுமாம். அதுவரைக்கும் லாரிகள் ஓடாது. கடைசியாகச் சேர்ந்தவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். 'ஆனாலும் வேற வழி இல்லையேம்மா' என்றார். இடுப்பளவை இரண்டு முறை எடுத்தேன்.

ஜூலை 29

அவருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டைத் தேடுகிற மாதிரி நின்றார். "நான் உன்னை ஒண்ணும் கேக்கல" என்றார்.

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்வதே ஒரு கேள்விதானே? அவரைக் கம்பெனி கேட்கச் சொல்லியிருக்குமா? சர்க்கரை ஏதாவது பேசினானா என்று கேட்டேன். இல்லை என்றார். உண்மைதான் போலிருக்கிறது. என்னை யாரும் விலை பேசவில்லை. ஒரு ஆள், ஒரு வார்த்தை, ஒன்றும் இல்லை. யாராவது வந்து பேசியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

இன்று காலை விசில் இல்லை.

ஆகஸ்ட் 1

ஐந்து பேரையும் வாங்கணும்னு சொன்னேன். கையெழுத்து வாங்கத்தான் ஐந்து பேர் வேண்டும். புகாரைத் தடுக்க ஒருத்தர் போதும். வக்கீலுக்கு அது அன்றைக்கே புரிந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்படி ஒரு விதியைச் சொல்லிவிட்டுக் கைதட்டலும் வாங்கினேன். புத்திசாலி!

அதே பிள்ளைங்க. அதே சுவர். நான் தூக்கி வளர்த்த பிள்ளைங்க.

கையைத் தூக்கத்தான் போகிறேன். வேறு என்ன?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கூட்டம் ஹெட்மாஸ்டர் அறையில்தான். அண்ணன் விஷயத்தைச் சொல்லி முடித்தார். மற்றவர்களில் முதலில் கை தூக்கியது சலூன்காரர். முகாம் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "முடி எங்க போனாலும் வளரும்" என்றார். நர்ஸம்மா தூக்கினார். தம்பிக்கு வேலை போகும், தூக்கினார். ஹெட்மாஸ்டர் தூக்கினார். அண்ணன் கை முதலிலிருந்தே மேலே இருந்தது.

என் கை மடியிலேயே இருந்தது. தூக்கு, தூக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தட்டைத் திருப்பி வளைவு காட்டியதுதான் கண்ணுக்குள் நின்றது.

"இன்னொரு தடவை உக்காந்து பேசிப் பார்க்கலாமே. அவங்க சொல்றதையும் கேட்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது சர்க்கரை பேசுகிற மாதிரி இருந்தது எனக்கே கேட்டது.

யாராவது கேட்டிருக்கலாம். உன் புருஷன் அங்கேதானே ஓட்டுகிறார் என்று ஒரு வார்த்தை. சலூன்காரராவது கேட்டிருக்கலாம். முதல் நாள் எவ்வளவு துடியாக இருந்தார்! நர்ஸம்மா கையை இறக்கிக்கொண்டு, "நீயே அப்படிச் சொன்னா அதுல ஏதோ காரணம் இருக்கும்" என்றார். அண்ணன் என் பக்கம் குனிந்து, "ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. கொஞ்சம் பொறு" என்றேன்.

"கம்பெனிக்காரனை இவளை விட யாரு சந்தேகப்படுவா? இவ சொன்னா சரி" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுக் கையைக் கீழே இறக்கினார்.

ஆகஸ்ட் 12

சர்க்கரையோடு பேசினோம். ரொம்ப வருத்தப்பட்டான். கீறல் விட்ட வீடுகளுக்கெல்லாம் கம்பெனியே சிமெண்ட் கொடுக்குமாம். வெடியைப் பற்றி 'பரிசீலிக்கிறோம்' என்றான். எனக்கு முன்னால் டீ வைத்தார்கள். குடித்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சுவர் பூசினோம். என் வீட்டுக்காரரும் வந்து சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். அண்ணனும் அவரும் சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். "நல்ல சிமெண்ட்தான் மாப்ளே" என்றார் அண்ணன். மதியம் சங்கு ஊதியதும் ஏணியிலிருந்து இறங்கி எல்லோரும் வெளியே வந்து நின்றோம். அதிர்ந்தது. ஈரப் பூச்சில் மெல்லிசாக ஒரு கோடு விழுந்திருந்தது. அண்ணன் அதைக் கட்டை விரலால் தேய்த்து மூடிவிட்டார்.

அண்ணி பிள்ளைகளின் படுக்கையை எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தூக்கி வைத்த பிறகும் அவள் நகரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேலை நல்லா போகுதா அவருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா போகுது அண்ணி" என்றேன்.

தலையை ஆட்டினாள். நான் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.