அம்மிக் குழவியும் கம்ப்ரசர் குழாயும்

5-1-1984, வியாழன்

எங்கள் கிணற்றில் லாரி விழுந்து இன்றோடு மூன்று நாள். ரோட்டோரக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கச் சொல்லி அம்மா ஆறு வருடமாகக் கேட்டாள். "எவன் வந்து உளுகப் போறான்?" என்றார் அப்பா. புதுச்சத்திரம் தாண்டி வந்த மருதாசலம் என்பவரின் லாரி விழுந்தது, நூறு மூட்டை ஜவ்வரிசியோடு. டிரைவர் குதித்துத் தப்பிவிட்டார். லாரி போகிற போக்கில் எங்கள் மோட்டாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது.

மழைக்கு நிரம்பிய கிணறு. ஏழு ஆள் ஆழம். ஜவ்வரிசி கரைந்து தண்ணீர் பால் போல இருக்கிறது. மேலே டீசல் மினுங்குகிறது. முந்திரி போட்டால் ஊருக்கே பாயசம். மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும்தான் குடிக்கத் தண்ணீர் இல்லை.

மருதாசலம் கிரேன் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். யாராவது அடியில் போய் இரும்பு வடத்தை லாரியின் அச்சில் மாட்ட வேண்டும். யாராவது என்றால் அப்பாதான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும் சென்னியப்பனைக் கூப்பிடுவார்கள். அவருடைய சாமான்கள்: இடுப்பில் ஒரு கயிறு, காதில் விளக்கெண்ணெய்ப் பஞ்சு, சீக்கிரம் அடியில் போய்ச் சேர அம்மாவின் அம்மிக் குழவி. குழவி கிணற்று வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் சட்னி இல்லை.

நான் மேலே நின்று எண்ணுவேன். எப்போதும் நூறுக்குள் வந்துவிடுவார். இன்று நூற்றுப் பதினெட்டு, வடமும் மாட்டவில்லை. மூக்கில் ரத்தம். துண்டால் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இந்த நோட்டு பருத்திக்கொட்டை மூட்டைக்குள் இருக்கும். பத்தாம் வகுப்புப் பெண் ராத்திரியில் எழுதினால் அது காதல் கடிதம்தான் என்பது அம்மாவின் ஆராய்ச்சி முடிவு.

6-1-1984, வெள்ளி

நாகரிகம் வந்து இறங்கிவிட்டது. அம்மாவின் தம்பி வெங்கடாசலம் மாமா தன் கம்ப்ரசர் டிராக்டரோடு வந்திருக்கிறார். கிணற்றுப் பாறையில் வெடி வைக்கத் துளை போடுவாரே, அதே வண்டி. அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய். குழாய் முனையில் லாரி டியூபை வெட்டி ஒட்டிய முகமூடி. முகமூடிக்குக் கண்ணாடி, எங்கள் வீட்டு முருகன் படத்திலிருந்து.

"சாமி வெறும் அட்டையா நிக்குதுடா" என்று அம்மா அழுதாள்.

"உடுக்கா, அவரே உள்ள வந்து பாத்துக்குவாரு" என்றார் மாமா. பிறகு அப்பாவிடம், "மச்சான், குழவியக் கட்டிக்கிட்டு முங்கறதெல்லாம் கற்காலம். இதப் போட்டுக்கிட்டா அடியில உக்காந்து ஊர்க்கதையே பேசலாம்."

"பாயசத்துக்குள்ள கண்ணாடி எதுக்கு மாப்ளே? திராட்சை பொறுக்கவா?"

ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. குழவிக் கட்சி, குழாய்க் கட்சி. டீக்கடையில் கை ஓங்கும் வரை போயிருக்கிறது. இரண்டு கட்சித் தலைவர்களுக்கும் நீச்சல் தெரியாது.

7-1-1984, சனி

சோதனை. மாமா கட்டிலில் உட்கார்ந்து முகமூடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் மூச்சு விட்டார். கரையில் உட்கார்ந்து மூச்சு விட்டதற்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

கழற்றியதும் தலைவலி என்றார். வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். "வெயிலு ஒத்துக்கல" என்றார். மார்கழி வெயில்! போர்வை போர்த்தி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அப்பா திங்கட்கிழமை குழாயோடு இறங்கச் சம்மதித்துவிட்டார். மூக்கு ரத்தத்தை அம்மாவும் பார்த்துவிட்டாள்.

8-1-1984, ஞாயிறு

அறிவியல் புத்தகத்தில் தேடினேன். கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகையில் இருக்கும். நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, குமட்டல். பிறகு மயக்கம். அதற்குப் பிறகு என்ன என்பதை ஒரே சொல்லில் போட்டிருக்கிறார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய்க்கும் டிராக்டரின் புகைக்குழாய்க்கும் நடுவில் இரண்டு முழம்தான். மாமா எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது, என் வெள்ளைக் கைக்குட்டையை முகமூடிக் குழாயில் கட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறமாகிவிட்டது. மாமாவிடம் காட்டினேன்.

"அடேங்கப்பா, டாக்டரம்மா! போயித் தொவச்சுப் போடு கண்ணு."

அப்பாவிடம் சொல்லலாம். சொன்னால் குழாயைத் தூக்கி வீசிவிட்டுப் பழையபடி மூச்சடக்கி இறங்குவார். அதில் ரத்தம். இதில் — எதைச் சொல்லி எதிலிருந்து காப்பாற்றுவது? ரெண்டுமே வேண்டாம்னு சொல்ல நான் யாரு? பயமா இருக்குது. சாமி, நாளைக்குப் பொகை ரோட்டுப் பக்கமே போகோணும். வேற ஒண்ணும் கேக்கல.

9-1-1984, திங்கள்

வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகவில்லை. அது பொய்யும் இல்லை.

காலையில் புகை ரோட்டுப் பக்கம்தான் போனது. அப்பா முகமூடியை மாட்டினார். வழக்கம்போல இடுப்பில் கயிற்றையும் கட்டினார்.

"காத்துப் போய்ட்டே இருக்குது, கயிறு எதுக்கு மச்சான்?" என்று சிரித்தார் மாமா. கயிற்றின் மேல் முனையைக் கையில் பிடிக்காமல் மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டார். தூண் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் அல்லவா.

பத்தரை மணிக்குக் காற்று திரும்பியது. புகை வளைந்து, தாழ்ந்து, இழுக்கும் வாய்க்குள் நேராகப் போனது. கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மருதாசலத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஓரமா நில்லு அம்முணி, வடம் பட்டுரும்" என்றார். மாமா தண்ணீரைக் காட்டினார்: "குமிழி வருதில்ல? அப்புறம் என்ன?"

காத்துப் போனா குமிழி வரும். உள்ள இருக்கறவருக்கு உசுரு இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும்.

கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்தேன். மூன்று இழுப்பு என்றால் வெளியே வா. பதில் இல்லை. மறுபடி மூன்று. இல்லை. கல்தொட்டியில் காலை ஊன்றிக்கொண்டு மொத்தமாக இழுத்தேன். நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் கிரேன் ஆட்கள் ஓடிவந்து சேர்ந்தார்கள்.

"ஒரே ஒரு கொக்கி மாட்டறதுதான் பாக்கி! எவ இழுத்தது?" என்று மாமா குதித்தார்.

அப்பாவைப் படியில் சாய்த்திருந்தார்கள். கண் எங்கேயோ இருந்தது. "தூக்கம் தூக்கமா வந்துச்சு மாப்ளே" என்றார். "சொகமா இருந்துச்சு." பிறகு வாந்தி.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

10-1-1984, செவ்வாய்

அப்பா நாள் முழுக்கத் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சை நூறு நூறாக எண்ணினேன்.

12-1-1984, வியாழன்

நேற்று அப்பா கைக்குட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். எல்லாம் சொன்னேன்.

"எங்கிட்ட ஏஞ்சாமி சொல்லுல?"

"சொன்னா குழவியக் கட்டிக்கிட்டு வெறும் மூச்சுல எறங்குவீங்கப்பா."

கைக்குட்டையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

இன்று டிராக்டரைத் திருப்பி, புகை ரோட்டுப் பக்கம் போகும்படி நிறுத்தினார்கள். இழுக்கும் வாய்க்கு இன்னொரு குழாய் மாட்டி, புகைக்கு எதிர்ப்பக்க வேப்பமரத்தின் உச்சிக் கிளையில் கட்டினார்கள். "இத நான் அன்னிக்கே சொன்னனுங்க" என்று மாமா மருதாசலத்திடம் விளக்கிக்கொண்டிருந்தார். விஞ்ஞானிகளுக்கு ஞாபகசக்தி அப்படித்தான்.

அப்பா முகமூடியை மாட்டினார். குழவியையும் கட்டிக்கொண்டார். இரண்டு கட்சிக்கும் ஏமாற்றம். கயிற்றை மாமா தூணுக்குக் கொண்டு போனார்.

"தூண்ல வேண்டாம். தெய்வாகிட்டக் குடு" என்று என்னைக் காட்டினார் அப்பா.

"பொட்டப்புள்ள கையிலங்களா?" என்றார் மருதாசலம்.

"ஆமாங்க. அவ இழுத்தா நான் வருவேன்."

புகை இரண்டு முறை மரத்துப் பக்கம் சாய்ந்தது. இரண்டு முறையும் இழுத்தேன். இரண்டு முறையும் வந்தார், முணுமுணுத்துக்கொண்டேதான். வெளியே உட்கார்ந்து காற்று மாறும் வரை காத்திருந்து மறுபடி இறங்கினார். மூன்றாம் முறை இழுக்க வேண்டி வரவில்லை. மத்தியானம் லாரி மேலே வந்தது. பின்னாலேயே எங்கள் மோட்டார், பாயசத்தில் குளித்த எருமைக்கன்று போல.

17-1-1984, செவ்வாய்

பகலில் எழுதுகிறேன். உள்ளங்கையில் கயிறு உரித்த இடம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்து கோணல்.

"என்னடி அது, யாருக்கு எழுதறே?" என்று அம்மா வந்தாள்.

"எழுதட்டும் உடு பழனியம்மா" என்றார் அப்பா. "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எழுதறா."

அம்மிக் குழவி வேலை முடிந்து வீடு திரும்பிவிட்டது. புளி போட்டு நான்கு முறை தேய்த்தோம். இன்று தேங்காய்ச் சட்னி. டீசல் வாசம் அடித்தது. அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.