ஆடு கட்டுகிற மேடு

ஞாயிறு, ஐப்பசி அடைமழைக்கு முன்

இன்று அம்மாவோடு திருவள்ளூருக்கு அப்பால் ஒரு மனை பார்க்கப் போனேன். நாங்கள் இருக்கும் மேனாம்பேட்டு வீட்டில் மழைக்கு மழை தண்ணீர் நுழைகிறது. இனி கிணறு, கோழி, கீரைப்பாத்தி என்று யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிற இடம் வேண்டும் என்கிறாள் அம்மா.

"இங்க தண்ணியே நிக்காதும்மா," என்றார் புரோக்கர். மண் காய்ந்துதான் கிடந்தது. எனக்கு இடம் பிடித்துவிட்டது.

அம்மாவோ ஆடு ஓட்டி வந்த ஓர் அக்காவிடம் போய், "மழையில ஆட்ட எங்கம்மா கட்டுவ?" என்று கேட்டாள்.

"அதோ, அந்த மேட்டுல. இங்க கட்னா மெதந்துகினு போயிடும்," என்று அக்கா சிரித்தாள்.

புரோக்கர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"போன்ல அப்புறம் பேசு நைனா. அந்த மேடு யாருதுன்னு விசாரி," என்றாள் அம்மா.

எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியே இருக்காது. தோன்றினாலும் வாய் வந்திருக்காது.

இப்போது தூறுகிறது. அம்மா ஃபிரிட்ஜுக்கு அடியில் இன்னொரு செங்கல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். மேட்டுக்காரர் மட்டும் விற்கச் சரியென்றுவிட்டால், இந்தச் செங்கற்களிலேயே கோழிக்கூடு கட்டிவிடுவேன்.