செருப்புச் சத்தம்

இத்தனைக்குப் பிறகும் அன்பு விட்டுப்போகாத அப்பாவுக்கு,

நீங்கள் நட்ட முந்திரி இந்த வருஷம் கிளை தாழக் காய்த்திருக்கிறது. நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் முதலில் சொல்லிவிட்டேன். பிள்ளைகளைப் பற்றி எப்போது கேட்டீர்கள்?

என் மகள் செல்வியை நீங்கள் பார்த்ததில்லை. ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல். வெயில் காய்ச்சல் என்றாள் என் மனைவி. இந்தப் புழுக்கத்தில் என் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு செல்வி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். நான் ஆபீஸ் முடிந்து வரும்போதெல்லாம் தூங்குவதுபோல் இருந்தாள். ஏதோ அழுகும் வாடை எனக்கு மட்டும்தான் வந்ததா?

நேற்று சாயங்காலம் அவள் சட்டைக் கையை மடித்துவிட்டேன். மணிக்கட்டு வரை வீங்கி, நடுவில் சீழ். சீழுக்குள் அவள் பெயரின் முதல் எழுத்து. பச்சை முந்திரிக்கொட்டையை உடைத்து, ஓட்டில் கசியும் எண்ணெயால் கையில் எழுதிக்கொள்வது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. எண்ணெய் தோலைச் சுட்டு, எழுத்து தழும்பாக நின்றுவிடும்.

உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? சின்ன வயதில் எழுதிக்கொண்டது என் கையிலும் இருக்கிறதே. அந்தக் கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, உச்சிவெயிலில் மரத்தோடு கட்டினீர்கள். "கத்துன, இன்னொரு கைலயும் நானே எழுதிடுவேன்" என்றீர்கள். அன்று மூடிய வாய். அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசினீர்கள். உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நாளில்கூட அது திறக்கவில்லை.

அதனாலேயே என் மகளை நான் அடித்ததில்லை. கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவேன். அதுதான் நல்ல வளர்ப்பு என்று நம்பியிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கேள்விகள் நாக்கு நுனிவரை வந்தன. இருட்டும்வரை விழுங்கிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு கஷ்டமான வேலையை ஆபீசில் எவனும் எனக்குக் கொடுத்ததில்லை. கடைசியில் அவளே பேசினாள்.

"எரியுதுப்பா."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? நா உன்ன அடிச்சிருக்கனா?"

"அடிச்சதில்ல. நீங்க செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டா அம்மா ரேடியோவ நிறுத்திடும். நா பேச்ச நிறுத்திடுவேன்."

உங்கள் செருப்புச் சத்தத்துக்கு அம்மா அடுப்படியிலும் நான் கதவு மறைவிலும் அப்படித்தானே நின்றோம்? நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்திருந்தேன். என் காலில் ஏறித் தினமும் உள்ளே வந்துகொண்டிருந்தீர்களா?

இன்று காலை ஜெயங்கொண்டத்தில் டாக்டர் சீழை எடுத்தபோது, செல்வி என் விரலைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினாள். நன்றாகக் கத்தும்மா என்றேன். விரலை அவளாகத்தான் பிடித்தாள். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. கை என்னவாகும் என்று நாளைக்குத்தான் சொல்வாராம். இதை எழுதும்போது உள்ளே முனகுகிறாள். அந்தச் சத்தம் கேட்கும்வரைதான் எனக்குத் தைரியம்.

இனி வேலிப் படலைத் திறக்கும்போதே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவள் பதில் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன். பதில் வராவிட்டால் வாசல் தாண்ட மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. நீங்களும் படலுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள்.

உங்கள் மகன்,
செல்வியின் அப்பா