மூன்று நாள் கடல்

மார்ச் 3

என் மகனின் தாயாருக்கு,

தங்கள் கடிதம் நேற்று என் கல்லூரி முகவரிக்கு வந்து சேர்ந்தது. வீட்டு முகவரி மாறவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு வாரப் பயிற்சி என்று சொல்லி ஐந்து ஆண்டுகளுக்கு முன் எந்தக் கதவைப் பெட்டியோடு தாண்டினீர்களோ, அதே கதவு; அதே பூட்டு.

துரையின் பயிற்சிக்கூடத்துக்கு அடுத்த மாதம் நான்கு நாள் விடுமுறை என்பதை யார் மூலமோ அறிந்துகொண்டு, இம்முறை தாங்களும் எங்களோடு வர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான ஏரிக்குப் பதில் கடற்கரைக்குப் போகலாம் என்றும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். முதல் கோரிக்கையைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டாவதற்குப் பதில்: முடியாது.

ஏரிக்கரை விடுதியில் நாங்கள் தங்குவது தரைத்தள அறை. சன்னலுக்கு வெளியே கம்பிவேலி, வேலிக்கு அப்பால் அசையாத தண்ணீர். படகோட்டிக்குத் துரையைத் தெரியும். ரொட்டியின் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் அவனுக்குத் தரவேண்டும் என்பது சமையல்காரருக்குத் தெரியும். நம் மகனுக்கு வயது இருபத்து மூன்று. தெரிந்த இடத்தில் அவன் ஐந்து வயதுப் பிள்ளை; தெரியாத இடத்தில் அந்த ஐந்தும் இல்லை. கடல் என்றால் கூச்சல், கூட்டம், காலை வாரிவிடும் அலை. அவனைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் நினைவுகள் காலாவதியானவை. இன்று அவனைத் தெரிந்தவன் நான் ஒருவனே.

ஆயினும் நியாயம் தவறியவன் என்று பெயரெடுக்க விருப்பமில்லை. இரண்டு இடங்களின் படங்களையும் அவன்முன் வைக்கிறேன். அவன் தொடுவதே முடிவு.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
துரையின் தந்தை


மார்ச் 9

துரை அப்பாவுக்கு,

நலம்தானே? முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நிற்காமல் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்!

என்னைப் போய் ‘தாங்கள்’ என்று எழுதிவிட்டீர்கள். கடையில் வைத்துத்தான் கடிதத்தைப் பிரித்தேன். பக்கத்தில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. முதலாளி மட்டும் எட்டிப் பார்த்து, “ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறே, உன் கண்ணுல தூசு விழுந்தா கவனிக்க மாட்டேங்கிறியேம்மா” என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

விடுமுறையைப் பற்றிச் சொன்னது பயிற்சிக்கூடத்து டீச்சர். அவ்வப்போது போன் செய்து துரையைப் பற்றி விசாரிப்பேன். அவர்மேல் கோபப்படாதீர்கள், பாவம்.

நான் போனது நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பதினெட்டு வருஷம் ஒரு ராத்திரிகூட நான் முழுசாகத் தூங்கியதில்லை. அவன் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிடுவானோ என்று ஒரு காதை அந்தப் பக்கமே வைத்துப் படுத்திருப்பேன். பயிற்சிக்கு வந்த இடத்தில் முதல் நாள் படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தேன். அதற்குப் பிறகு திரும்பி வரக் கால் எழும்பவில்லை. இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

கடல் முடியாது என்று எழுதிவிட்டீர்கள். ஆறு வயதில் கொண்டுபோனோமே, மறந்துவிட்டதா? அலை வந்து இடுப்பில் மோதியதும், “இன்னொண்ணு! இன்னொண்ணு!” என்று கடைக்காரரிடம் மிட்டாய் கேட்கிற மாதிரி கடலிடம் கேட்டான். கேட்கக் கேட்கக் கடலும் கொடுத்தது. ஏரி அவனோடு எதையும் பேசாதுங்க.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியுமா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

துரையின் அம்மா


மார்ச் 15

துரையின் தாயாருக்கு,

சொன்னபடி நேற்று மாலை இரண்டு படங்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, “எங்கடா போகலாம்? இதுவா, அதுவா?” என்று கேட்டேன். துரை ஏரியைத் தொட்டான். அவசரத்தில் தொட்டிருக்கலாம் என்று ஐயப்பட்டு, சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்டேன். ஏரி. இன்று காலை மூன்றாம் முறை. “அதான் சொன்னேன்ல!” என்று எரிச்சலோடு ஏரியையே தட்டிவிட்டு, ரொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இதற்கு மேலும் விவாதிக்க இடமில்லை. ஏரிக்கரையில் எங்களுக்கு வழக்கமான அறையைப் பதிவு செய்கிறேன். அந்த அறையில் இருப்பவை இரண்டு கட்டில்கள்.

தங்களை அடையாளம் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அவனிடம் தங்கள் படத்தை நான் காட்டுவதில்லை.

இப்படிக்கு,
துரையின் தந்தை


மார்ச் 20

துரை அப்பாவுக்கு,

ஒரே ஒரு கேள்வி. மூன்று தடவையும் ஏரிப் படம் அவனுக்கு எந்தப் பக்கம் இருந்தது? வலது பக்கமா?

எதை வைத்தாலும் அவன் வலது பக்கம் இருப்பதைத்தான் தொடுவான். சட்டை, பிஸ்கட், செருப்புக் கடையில் பெட்டி, எல்லாவற்றிலும் அப்படித்தான். குழந்தையாக இருந்தபோது அவனைத் தூக்கிக்கொள்ள என் அண்ணனும் தம்பியும் கைநீட்டியபோது வலப்பக்கம் நின்ற அண்ணனிடம் தாவிப் போனான். “என் மூஞ்சியில என்னக்கா குறை?” என்று தம்பி இன்றைக்கும் அங்கலாய்க்கிறான். முதல் முதலில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரே நீங்கள்தான். கணக்கு வாத்தியார் தெரியாமல் வைத்தேன் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவனைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று இனிமேல் எழுதாதீர்கள். அது மட்டும் தாங்க முடியவில்லை.

துரையின் அம்மா


மார்ச் 26

துரையின் தாயாருக்கு,

ஏரிப் படம் வலப்பக்கத்தில்தான் இருந்தது. தங்கள் கடிதம் வந்த பிறகு கடலை வலப்பக்கம் வைத்துக் கேட்டேன், கடலைத் தொட்டான். ஆகவே இந்தச் சோதனையால் நிறுவப்பட்டது எதுவுமில்லை, தங்கள் நினைவு காலாவதியாகவில்லை என்பதைத் தவிர. அதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நேர்மையாகாது.

கடற்கரையில் இரண்டு அறைகள் பதிவு செய்திருக்கிறேன். மூன்று இரவுகள். ஆள் நடமாட்டம் குறைந்த, உயிர்காப்பாளர் பணியிலிருக்கும் கரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். தாங்கள் அங்கேயே நேரே வந்துவிடலாம்.

நிபந்தனை ஒன்று உண்டு. புறப்படும்போது அவனிடம் எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் காதில் விழுந்து போகும் சொற்கள் அவனிடம் அப்படிப் போவதில்லை. சொன்னவர் மறந்தாலும் அவன் பத்திரமாக வைத்திருப்பான். ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
துரையின் தந்தை


ஏப்ரல் 22

அன்புள்ள துரை அப்பாவுக்கு,

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னியுங்கள். சிரித்துச் சிரித்துக் கன்னம் இன்னும் வலிக்கிறது.

விடுதி வாசலில் என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் அல்லவா, அப்போது என் உயிரே போய்விட்டது. அப்புறம் மெல்ல வந்து என் காது மடலைப் பிடித்துப் பார்த்தான். சின்ன வயதில் தூங்கும்போது பிடித்துக்கொள்வானே, அதே பிடி. “அம்மா குண்டாயிட்டே” என்றான். அவன் வாயால் அதைக் கேட்க இன்னும் பத்துக் கிலோ ஏறலாம்.

அலைக்கு அலை அவன் குதித்ததைப் பார்த்தீர்களா? அந்த உயிர்காப்பாளர் பையன், “அண்ணே, கொஞ்சம் கடலை மிச்சம் வைங்க, நாளைக்கும் ஆளுங்க வருவாங்க” என்று சொன்னதும் நீங்களும் சிரித்துவிட்டீர்கள். நான் பார்த்தேன். மறைக்க வேண்டாம். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு நின்ற உங்களைப் பார்க்க ஏதோ வேறு ஆள் மாதிரி இருந்தது. இல்லை, பழைய ஆள் மாதிரி இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டக் கூடாது. பஸ் கிளம்பும்போது சன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, “எப்போ வருவே? எப்போ வருவே?” என்று கேட்டான். ‘போகிறேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. “சீக்கிரம் வரேன் கண்ணா” என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் கையை எடுத்தான். வேறு என்ன சொல்லியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருஷமும் இதே மாதிரி மூன்று பேருமாகப் போவோமா? நீங்கள் விரும்பினால் ஏரிக்கே வருகிறேன்.

அன்புடன்,
துரையின் அம்மா


மே 4

உனக்கு,

கோபத்தில் எழுதக் கூடாது என்பதற்காகப் பத்து நாட்களுக்கு மேல் காத்திருந்தேன். கோபம் குறையவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து துரை பையைப் பிரிக்கவில்லை. பயிற்சிக்கூடத்துக்குப் போக மறுக்கிறான். காலையில் குளித்து, சட்டையை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிடுகிறான். தெருமுனையில் பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறான். அது போனதும் உட்காருகிறான். நான் கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

“உள்ளே வாடா, சாப்பிடலாம்.”

“அம்மா வரும்.”

“இன்னிக்கு வராது.”

“சீக்கிரம் வரும். அம்மா சொல்லிச்சு.” அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “சீக்கிரம்னா நாளைக்காப்பா?” என்கிறான்.

எத்தனையோ ஆண்டுகளாக முடிவிலி என்றால் என்னவென்று மாணவர்களுக்கு விளக்கி வருபவன் நான். ‘சீக்கிரம்’ என்றால் என்னவென்று இவனுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. ‘அடுத்த வருஷம்’ என்று நீ எழுதியிருப்பதை எந்த வாயால் இவனிடம் சொல்வேன்?

அவன் சிரித்ததை நானும் பார்த்தேன். ஐந்து ஆண்டுகள் ஏரிக்கரையில் அவன் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குள் அத்தனை சத்தம் இருப்பதை நீ எனக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டாய். நீ வீட்டை விட்டுப் போனதையாவது ஒரு நாள் மன்னித்துவிடலாம். இதை முடியாது. மூன்று நாள் உன்னுடையது. மிச்சமெல்லாம் என்னுடையது.

வருவதானால் திரும்பும் பயணச்சீட்டு இல்லாமல் வா. இரவில் வாசல் கதவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு. அலமாரியில் உன் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் வேறு எதையும் வைக்க எனக்கு மனம் வந்ததில்லை. இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ளாதே, தகவல் என்று எடுத்துக்கொள். வர இயலாதென்றால் விளக்கம் எழுதாதே. உன் விளக்கங்கள் நன்றாக இருக்கின்றன, அதுதான் அவற்றில் இருக்கும் கோளாறு.

அவன் படியில் இருக்கிறான்.

நான்


மே 29

துரையின் தாயாருக்கு,

என் கடைசிக் கடிதத்துக்குத் தங்களிடமிருந்து மறுமொழி இல்லை. விளக்கம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவன் நானே என்பதால், இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைத் தாங்களும் அறிந்திருக்க வேண்டும்.

சென்ற வாரத்திலிருந்து பஸ்ஸுக்கு எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டான். தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். பிறகு அதுவும் நின்றது. நேற்று மாலை தானாகவே உள்ளே வந்து பையைத் திறந்து, உடைகளை ஒவ்வொன்றாக மடித்து அவன் அலமாரியில் வைத்தான். நான் உதவப் போனேன். “நான் பாத்துக்கறேம்பா” என்றான். வெறும் பையை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, “இன்னிக்கு முட்டையா?” என்று கேட்டான். முட்டைதான் என்றேன். இரண்டு சாப்பிட்டான். இன்று காலை பயிற்சிக்கூடத்துக்குப் போனான். வழக்கம்போல் அட்டைப்பெட்டிகளை மடித்ததாக டீச்சர் சொன்னார்.

அவன் காத்திருப்பது எப்போது நிற்கும் என்றுதான் நானும் நாள் தவறாமல் வேண்டிக்கொண்டிருந்தேன். நின்றபோது சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன்.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று அவனைக் கேட்டேன். படங்கள் எதையும் காட்டவில்லை; வாயால்தான் கேட்டேன், ஏரியா, கடலா என்று. வெகுநேரம் யோசித்தான். அவன் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு, “எங்கேயும் வேணாம்பா. போனா திரும்பி வரணும்” என்றான்.

இந்த வீட்டில் தங்களுக்காக இப்போது யாரும் காத்திருக்கவில்லை. அதைத் தெரிவிக்கவே எழுதினேன்.

இப்படிக்கு,
துரையின் தந்தை