வருகைப் பதிவேட்டில் நீ நீக்காத இரண்டு பெயர்கள்

எனக்கு மூத்தவளாய்ப் பிறந்து, என் வாய்க்குக் கடைசிவரை அடங்காத அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உன் நாற்காலியில் இப்போது பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு சார் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் அட்டெண்டன்ஸ் எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி இருக்கிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் கொப்பரைக் களத்தில் நின்றால் ஒரு பெயரும் விளங்குவதில்லை. நீ கூப்பிட்டால் தென்னந்தோப்பு முழுக்கக் கேட்கும். அதனால்தானே எனக்கு அத்தனை தொல்லையும் வந்தது.

நீ என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டாய். நான் பிடிகொடுக்காமல் பேசி அனுப்பிவிட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் என் தப்பை முதலில் சொல்லியாக வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான், என் வாயால் இதுவரை சொன்னதில்லை.

என் மகள் கவிதா பெரியவளானபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. சீரைத் தடபுடலாகச் செய்தேன். அத்தைக்காரி என்று நீயும் வந்து தண்ணீர் வார்த்தாய். அடுத்த திங்கட்கிழமை நான் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. சீர் முடிந்தால் படிப்பும் முடிந்தது என்பது நம் சொந்தபந்தத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். அதே மாதம் களத்தில் ஆள் பற்றவில்லை. தேங்காய் உடைக்கிற மாரப்பனிடம், "உம் புள்ள சித்ராவையும் வரச் சொல்லப்பா, பருப்புப் பேர்க்கட்டும்" என்றேன். அவனும் தலையாட்டினான். இரண்டு பிள்ளைகளும் உன் வகுப்பில் ஒரே பெஞ்சு என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை.

நீ சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை. தினமும் காலையில் பெயர் கூப்பிட்டாய், அவ்வளவுதான். "கவிதா" என்று கூப்பிட்டு, பதில் வருவதற்கு வேண்டிய நேரம் கொடுப்பாய். "சித்ரா" என்பாய். அதற்கும் அதே நேரம். பிறகுதான் அடுத்த பெயர். களத்தில் கூலியாட்கள் குனிந்துகொண்டு சிரிப்பதும், சித்ரா நிமிராமல் கொட்டாங்குச்சியிலிருந்து தேங்காய்ப் பருப்பைப் பெயர்ப்பதும் என் கண்ணில் படும். நான் லாரிக்காரனைத் திட்டுவேன்.

பார்வையிட வந்த அதிகாரி, இத்தனை நாள் வராத பெயர்களை ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று கேட்டாராம். "வராத புள்ளைக்கு ஆப்சென்ட் போடோணும்னா பேரு இருக்கோணுமில்லீங்க சார்" என்றாயாம். சத்துணவு சமைக்கிற அம்மா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபோது, எனக்குக் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. அதை அப்போது ஒத்துக்கொள்வேனா?

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஊரே சிரிக்குதுக்கா. எம்புள்ள பேர எடுத்துப்போடு."

"எடுத்தா, அவ படிப்ப நான் எடுத்ததா ஆயிரும் சாமி. பதினாலு வயசு வரைக்கும் படிப்பு புள்ளைங்களோட உரிமைன்னு தொண்ணூத்தி மூணுலயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிப்போட்டுது. உசுரோட இருக்கற உரிமைக்குள்ள அதுவும் சேத்தியாம்."

"அதெல்லாம் சர்க்காருக்குச் சொன்னது."

"ஆமா. பத்து வருசத்துல எல்லாப் புள்ளைக்கும் படிப்புக் குடுக்கப் பாக்கறோம்னு அரசியல் சட்டத்துல எழுதி, நாப்பது வருசம் ஓடிப்போச்சு. நம்மூருப் புள்ளைங்க டெல்லியப் பாத்துதுங்களா? அதுங்களுக்குச் சர்க்காருன்னா நாந்தான்."

நான் விடுகிறவனா? பொள்ளாச்சியில் தெரிந்த வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அந்தத் தீர்ப்பு அரசாங்கத்தைக் கட்டுமே தவிர, பெற்றவனைப் பிடித்து உள்ளே போடாது என்றார். மொபெட்டை நேராக உன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து, "செரிதான் தம்பி. உன்னைய ஒண்ணும் பண்ணாது. பேர அடிச்சா என்னையத்தான் கேக்கும்" என்றாய். ஜெயித்துவிட்டு வந்தவனுக்குக் காப்பியும் கொடுத்தாய். மறுநாள் காலையும் நீ அதே குரலில் கூப்பிட்டாய்.

ஒரு நாள் களத்துக்குக் கிளம்பத் தாமதமாகி வீட்டில் இருந்தேன். அங்கேயும் உன் குரல் வந்தது. கவிதா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உள்ளேன் டீச்சர்" என்றாள். வாசலுக்குக்கூடக் கேட்காத சத்தத்தில், கையை நிறுத்தாமல். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "தெனமும் சொல்றா. இன்னைக்குத்தான் உங்க காதுல உழுந்துதாக்கும்." என் பிள்ளை வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் முறுக்கு விட்டுப்போகுமா? உன்னிடம் வந்து பெரிய மனுஷத்தனமாகத்தான் பேசினேன். என் கல்யாணத்தில் அக்காளும் தம்பியுமாக நாம் செய்த இணைச்சீர்ச் சடங்கு ஞாபகம் வந்தது. ஒரே சேலையின் ஒரு முனை உன் கையிலும் மறுமுனை என் கையிலும். உடன்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன், எனக்குப் பிறக்கும் பெண்ணை உன் மகனுக்குக் கேட்க உனக்குத்தான் முதல் உரிமை என்று சபை பார்க்க ஏற்றுக்கொண்டேன். உனக்குப் பிள்ளை இல்லாததால் அந்த வாக்கை நீ எதற்கும் கேட்டதில்லை.

"இணைச்சீர்ல வாக்குக் குடுத்தவன் நான். அக்காளா ஒரு வார்த்தை கேளு. நாளைக்கே கவிதாவ அனுப்பறேன்" என்றேன்.

நீ கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவு கௌரவமாக இருந்திருக்கும். நீ மாட்டேன் என்று தலையை ஆட்டினாய்.

"கேக்க மாட்டேன் சாமி. அக்காளாக் கேட்டா, நீ குடுத்ததா ஆயிரும். அது உன்னுதில்ல, அவளுது. அப்பறம், அத்தை டீச்சரா இல்லாத புள்ளைக்கு யாரு வந்து கேப்பாங்க?"

நீ சித்ராவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. நேரே மாரப்பன் வீட்டுக்குப் போய் நாளையிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பு என்றேன். அவன் மிரண்டுபோய், "நீங்க சொல்லித்தானுங்க நிறுத்துனேன்" என்றான். குத்திக்காட்டிப் பேசத் தெரியாதவன் அவன். அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது.

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். நான் களத்தில் வேலை பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நீ "கவிதா" என்றாய், பதில் வந்தது. "சித்ரா" என்றாய், பதில் வந்தது. நீ குரலை ஒரு இம்மிகூட மாற்றாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டாய். உன்னைப்போல் ஒரு ஆளை நான் பார்த்ததில்லை, அக்கா. இருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு என்ன கேடு?

இருவரும் எட்டாவது பாஸான அன்று, மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு நீயே களத்துக்கு வந்தாய். நான் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"சட்டம் பதினாலோட நின்னுக்குது தம்பி. ரெண்டு பேருக்கும் பதினாலு ஆயிருச்சு. கவிதாவ நீ படிக்க வெச்சுருவ. சித்ராவுக்குக் கேக்கறதுக்கு இனி எங்கிட்டச் சட்டமில்ல. அதனால இப்ப அக்காளாக் கேக்கறேன். அந்த இணைச்சீர்ச் சேலைய நெனச்சுக்க."

ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவை கேட்டாய். நான் மூட்டையை எண்ணிக்கொண்டே, "பாக்கலாம்க்கா" என்றேன்.

அடுத்த வாரம் உனக்கு நெஞ்சு வலித்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வழியெல்லாம் உன் கையைப் பிடித்துக்கொண்டு "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உனக்குக் கேட்டதா?

கேட்கவில்லையென்றால் இப்போது கேள். போன திங்கட்கிழமை இரண்டு பேரையும் கிணத்துக்கடவு ஹைஸ்கூலில் ஒன்பதாவது சேர்த்தாயிற்று. மாரப்பனும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். சித்ராவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட எழுத்தர் பேனாவை என் பக்கம் நீட்டினார். "அவங்கப்பா இருக்காருங்க" என்றேன். மாரப்பன் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். வெளியே வந்ததும், "நீங்க பண்ணுன புண்ணியமுங்க" என்று கும்பிட்டான். பழைய ஆளாக இருந்தால் மீசையைத் தடவிக்கொண்டிருப்பேன். "எம்பட புண்ணியமில்லப்பா. எங்கக்கா கேட்டுது" என்றேன்.

படிப்பு போதும் என்று சித்ரா தன் வாயால் சொல்லும்வரை அவளைக் களத்துக்குக் கூப்பிட மாட்டேன். யாராவது அவளைப் பாதியில் நிறுத்தப் பார்த்தால், அது நானாகவே இருந்தாலும், உன் குரலில் அவள் பெயரைக் கூப்பிடுவேன். அது அவளுடைய உரிமை இல்லை என்று சட்டம் சொன்னால் சொல்லட்டும். நீ கேட்டது என்னிடம். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

சேலையின் மறுமுனையை இன்னும் கையில் வைத்திருக்கும்,
உன் தம்பி