கீழ்ப்பாதி மரங்கள்

தாஷ்பினார், எர்தெம்லி
18 மார்ச் 1987

அன்புத் தம்பி ரிஃபாத்துக்கு,

உன் கண்களில் முத்தமிட்டு அக்கா நாஜியே எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரி குல்சென்னும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீதான் ஒரு வரிகூட எழுதுவதில்லையே. ஜெர்மனியில் தபால்தலை தட்டுப்பாடு என்று யாரும் சொல்லிக் கேள்விப்படவில்லை.

எலுமிச்சை இந்த வருஷம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பூத்துவிட்டது. என் மேல்பாதியிலும் உன் கீழ்ப்பாதியிலும் ஒரே வாசனை, ராத்திரி ஜன்னலை மூட மனசு வரவில்லை. அந்தக் கட்டடக்காரர் மறுபடியும் வந்து தோட்டத்துக்குள் காரை ஓட்டி, கிளைகளை ஒடித்துவிட்டுப் போனார். இந்த வருஷக் காய்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதாக நீ அவரிடம் சொன்னாயாம். உன் பாதி, உன் இஷ்டம். கிணறும் மோட்டாரும் உன் பாதியில் இருக்கின்றன என்பதை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவின் தோட்டத்தைப் பங்கு பிரித்தபோது கிணற்றுப் பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவன் நீ. அங்கே அடுக்குமாடி எழும்பினால் என் மரங்கள் எதைக் குடிக்கும்?

இன்னொரு விஷயம். பெரியப்பா மகன் பெக்கிர் தினமும் உன் மரங்களுக்கு நடுவே உலாத்துகிறான். நேற்று நானே கேட்டுவிட்டேன்.

"என்னப்பா பெக்கிரு, மரத்துக்கெல்லாம் நாடி பிடிச்சுப் பாக்குறியா?"

"சும்மாதான் அக்கா. இங்க நல்லா காத்து வருது."

தன் சொந்தத் தோட்டத்துக்கே போகாத சோம்பேறிக்கு என் கண்ணெதிரே என்ன காற்று வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கட்டடக்காரருக்குத் தரகு பார்க்கிறானோ என்று ஒரு சந்தேகம். ஊரில் ஒரே போன் அவன் கடையில்தான் இருக்கிறது. இதை அவன் முன்னால் நின்று உன்னிடம் எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

ரேடியோவில் குளிர் திரும்பும் என்கிறார்கள். பூத்த பிறகு வரும் குளிர் பொல்லாதது.

அக்கா நாஜியே

*

ஸ்டுட்கார்ட்
6 ஏப்ரல் 1987

நாஜியே அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது.

பெக்கிர் போனில் எல்லாவற்றையும் சொன்னான். போட்டோவும் அனுப்பியிருக்கிறான். உறைபனி விழுந்த அந்த ராத்திரி, மேல்பாதியில் வைக்கோலும் டயரும் கொளுத்தி உங்கள் மரங்களுக்குச் சூடு காட்டியிருக்கிறீர்கள். என் மரங்கள் மேல் தண்ணீரைத் தெளித்திருக்கிறீர்கள். போட்டோவில் என் மரம் ஒவ்வொன்றும் கண்ணாடிச் சாமான் போல நிற்கிறது. இலைக்கு இலை பனிக்கட்டி.

உங்களுக்கு நெருப்பு, எனக்குப் பச்சைத் தண்ணீரா? விடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்களாம். இப்போது உங்கள் பக்கம் பூ நிற்கிறது, என் பக்கம் இலையெல்லாம் வெந்து கறுத்துவிட்டது. எப்படியும் விற்கப்போகிறவன், அவனுக்கு மரம் எதற்கு என்று நினைத்தீர்களா? வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த மரங்களுக்கு நடுவே வந்து உட்காரலாமா என்று நானும் குல்சென்னும் இந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். அது உங்களுக்குத் தெரியாது.

பதில் எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள்.

ரிஃபாத்

*

தாஷ்பினார்
17 ஏப்ரல் 1987

தம்பி ரிஃபாத்துக்கு,

உன் கண்களில் முத்தம். திடீரென்று எனக்கு "நீங்கள்" என்று மரியாதை வந்திருக்கிறது. உன் மூக்கைத் துடைத்துவிட்டவளுக்கு இது கொஞ்சம் அதிகம்.

நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலமே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். தேங்குகிற இடம் உன் பாதி. அங்கே நெருப்பு வைத்தால் போதாது. தண்ணீரை மேலேயிருந்து விடாமல் தெளித்தால், அது உறையும்போது வெளிவிடும் சூடு உள்ளே பூவையும் கொப்பையும் காக்கும் என்று விவசாய அலுவலகத்தில் போன வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஒரே நிபந்தனை, வெயில் ஏறி அந்தப் பனிக்கட்டி தானாக உருகி விழும்வரை தண்ணீர் நிற்கக்கூடாது. பாதியில் நின்றால் தண்ணீரே தெளிக்காத மரத்தைவிட மோசமாகிவிடும்.

என் பக்கம் வாய்க்கால்தான், தெளிப்புக் குழாய் கிடையாது, அதனால் நெருப்பு. உன் பக்கம் குழாய் இருந்தது, அதனால் தண்ணீர். இதில் ஓரவஞ்சனை எங்கே வந்தது?

விடியும்வரை மோட்டார் அருகிலேயே இருந்தேன். தொழுதுவிட்டு ஒரு வாய் டீ குடித்து வரலாம் என்று வீட்டுக்குள் போனேன். டீயை ஊற்றும்போது மோட்டார் சத்தம் நின்றது. செருப்பில்லாமல் ஓடினேன். யாரையும் காணோம், மோட்டார் சுவிட்சின் கைப்பிடி கீழே இறக்கப்பட்டிருந்தது. திரும்பப் போட்டேன், அதற்குள் குழாய் வாயெல்லாம் உறைந்துவிட்டது. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன், ரிஃபாத். அதைப் பெக்கிர் போட்டோ எடுக்கவில்லை போலிருக்கிறது.

நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லை.

அக்கா

*

ஸ்டுட்கார்ட்
29 ஏப்ரல் 1987

நாஜியே அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதை விசாரித்தேன். குளிரில் தண்ணீர் ஊற்றினால் மரம் சூடாகும் என்றதும் எங்கள் பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். பழத்தோட்ட ஊரான மலாத்யாவிலிருந்து வந்த ஒருவர் மட்டும் அப்படி ஒரு முறை உண்டு என்றார். சரி, அதை விடுவோம். பெக்கிரிடம் மறுபடி போனில் கேட்டேன். "அக்காதான் நிறுத்துச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று சத்தியம் செய்கிறான். ஊரில் இன்னும் சிலரையும் அதே போனுக்குக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். அவர்கள் எதையும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

அவனுக்கு இதில் பொய் சொல்லி என்ன லாபம்? உங்களுக்கு உண்டா இல்லையா என்று நான் எழுத விரும்பவில்லை.

கட்டடக்காரரிடம் பேசிவிட்டேன். ஜூலையில் வந்து கையெழுத்துப் போடுகிறேன். மோட்டாரை நிறுத்திய கை யாருடையதாக இருந்தாலும், அந்தக் கை புழங்கும் வீட்டில் இனி நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

ரிஃபாத்

*

தாஷ்பினார்
15 மே 1987

ரிஃபாத்துக்கு,

நேற்று பெக்கிர் வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். கடன் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"அக்கா, மோட்டார நிறுத்துனது நான்தான்."

"ஏன்டா?"

"ரிஃபாத்துதான் போன்ல சொன்னான். 'அவ மேல ஒரு கண்ணு வெச்சுக்க. என் மரத்த ஏதாவது பண்ணா, நீ போயி நிறுத்திடு'ன்னான். விடிஞ்சதும் வந்து பாத்தா எல்லா மரமும் ஐஸா நிக்குது. நீ மரத்தக் கொல்றேன்னு நெனச்சுட்டேன் அக்கா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கைப்பிடிய இறக்கிட்டு ஓடிட்டேன்."

"அப்புறம் என் பேர எதுக்குடா சொன்ன?"

"மரம் கருகுனதும் பயந்துட்டேன். அவன் வேற 'யாரு, யாரு'ன்னு போன்ல கத்துறான். வாய்ல உன் பேருதான் வந்துச்சு."

அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் எல்லாக் கோபமும் அவன் மேல் இல்லை. மிச்சமிருந்த கோபம் யார் மேல் என்று உனக்கே தெரியும். தரகுக்காரன் என்று நான் நினைத்தவன் உன் காவல்காரன். சொந்த அக்காவுக்கு ஆள் வைத்து வேவு பார்த்திருக்கிறாய். நீ யாரையும் அனுப்பாமல் இருந்திருந்தால், இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடியிருக்கும், உன் மரங்கள் இன்றைக்குப் பிஞ்சு பிடித்திருக்கும். அவற்றைக் கொன்றது குளிர் இல்லை.

எல்லாம் போய்விடவில்லை. பட்டையைக் கீறிப் பார்த்தேன், சில மரங்களில் உள்ளே பச்சை இருக்கிறது. இலையுதிர்காலம் வரை கத்தி வைக்காமல் பொறுத்திருந்தால்தான் எது பிழைக்கும் என்று தெரியும். கட்டடக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்.

பெக்கிரிடம் கேட்டால் உன்னிடமும் ஒப்புக்கொள்வான். ஆனால் நீ கேட்கக்கூடாது. பட்டறையில் கேட்டாய், ஊரில் கேட்டாய், என்னை ஊர் சந்தியில் நிறுத்தி என் சொல்லைத் தவிர எல்லார் சொல்லையும் கேட்டாய். இந்த ஒரு தடவை, அக்கா சொன்னாள் என்பதற்காக மட்டும் நம்பு. அது முடியாது, விசாரித்துவிட்டுத்தான் நம்புவேன் என்றால், ஜூலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்படியே போய்விடு. என் வாசலுக்கு வராதே.

நாஜியே

*

ஸ்டுட்கார்ட்
27 மே 1987

அக்கா,

உன் கைகளில் முத்தம்.

பெக்கிரிடம் கேட்கவில்லை. போன் சாவடி வரை போனேன், சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். அவனிடம் அப்படிச் சொன்னது நான்தான். குல்சென்னுக்குக்கூடத் தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டடக்காரருக்கு நிலம் விற்பதற்கு இல்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். ஜூலையில் வருகிறோம். மரங்களில் நீ சொல்லும்வரை யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

நான் சொல்வதை நம்பு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. அதனால் நீ கட்டடக்காரரிடமே போய் விசாரித்துக்கொள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உன் தம்பி
ரிஃபாத்